மூன்று திங்கட்கிழமை

மூடுபனி இறங்கிய நாலு நாளில்
எல்லைக்கல்லும் நாலு முழம் இறங்கியிருந்தது
என் பூண்டுப் பாத்திக்குள்.
பனி போய்விட்டது. கல் போகவில்லை.
மேலே காட்டேஜ் கட்டுகிறவர் சிரித்தார்:
"மலைதானேம்மா, மண் சரியும்."

வக்கீல் பிடி என்றார்கள்.
ஆளுக்கொரு பெயர் கையில் வைத்திருந்தார்கள்.
மண்டிக்காரர் சொன்னவர் வத்தலக்குண்டு,
பெரிய இடத்தோடு டீ குடிக்கிறவர்.
கொழுந்தனார் சொன்னவர் திண்டுக்கல்;
அவருக்கு இரண்டு கார்.

வத்தலக்குண்டு வரை போய் வந்தேன், வளைவெல்லாம் வாந்தி.
அவர் என் பத்திரத்தைப் பிரிக்கவே இல்லை.
சர்வே எண்ணுக்கு வருமுன்பே சொல்லிவிட்டார்,
"ஜெயிச்சாச்சுன்னு வெச்சுக்கோங்க."
அந்த வார்த்தைதான் வயிற்றைப் பிசைந்தது.
பூம்பாறையில் எவளும்
விதைப் பல்லை ஊன்றிக்கொண்டே
விளைஞ்சாச்சு என்று சொல்லமாட்டாள்.

விதைப் பூண்டு வாங்கப் போனால்
ஒரு பல்லையாவது உரித்துப் பார்க்கிறோம்.
வக்கீலை எப்படி உரிப்பது?

கொடைக்கானல் கோர்ட்டில்
கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்,
யார் வழக்குக்கும் இல்லாமல்,
மூன்று திங்கட்கிழமை.
டவாலி இரண்டாம் வாரமே கேட்டார்:
"உங்களுக்கு எந்த நம்பர்?"
"இன்னும் போடலைங்க."

ஒருவர் பேசினால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
நீதிபதி அப்போது வேறெதையோ எழுதிக்கொண்டிருந்தார்.
இன்னொருவர் வாய்தா வாங்குவதில் கெட்டிக்காரர்.
கவுஞ்சியிலிருந்து கட்டுச்சோற்றோடு வந்த நாலு பேர்
வராந்தாவில் சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

மூன்றாம் திங்கள் ஜெசிந்தா தோற்றார்.
குண்டுபட்டிக்காரர் ஒருவரின் வழக்கு.
அவரை வராந்தா ஓரத்துக்கு அழைத்துப்போய்
எங்கே தோற்றோம் என்று சொன்னார்,
அரை மணி நேரம்,
அவர் பேசுகிற தமிழிலேயே.
மேல்கோர்ட்டுக்குப் போகலாமா என்று அவர் கேட்க
"போனா எனக்கு ஃபீஸு. உங்களுக்கு ஒண்ணும் இல்லை.
அந்தக் காசுக்குக் கூரையை மாத்துங்க" என்றார்.
நான் பக்கத்துத் தூணில் சாய்ந்து
செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன்.
வார் நன்றாகத்தான் இருந்தது.

மூஞ்சிக்கல்லில் தையல்கடைக்கு மேலே அவர் அறை.
ஹீட்டரில் இரண்டு கம்பி; ஒன்றுதான் சிவக்கிறது.
"யார் மேல வழக்கு?"
பெயரைச் சொன்னேன்.
பேனாவை மூடினார்.
"அவருக்குப் போன வருஷம்
ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தேன். வேற இடம்.
இப்ப அவர் என் கட்சிக்காரர் இல்லை.
தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.
இன்னைக்கே சொல்லணும்னு இல்லை."

திரும்பும் பஸ் வளைவுக்கு வளைவு
என்னை ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கம் சாய்த்தது.
அவன் காசு பட்ட கை.
சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?
சொன்னதாலேயே நம்பிவிடலாமா?
கொழுந்தனார் கைகொட்டினார்: "பாத்தியா, பாத்தியா."
அவருக்கு நான் பதில் சொல்லவில்லை,
எனக்கே கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் போனேன்.
தாளில் எழுதிக் காட்டினார்:
முத்திரைக்கு இவ்வளவு, சர்வேயர் வந்தால் இவ்வளவு,
என் கூலி இது, மூன்று தவணை.
ஜெயிப்போமா என்றேன்.
"தெரியாது."
தெரியாது என்ற சொல்லுக்கு
நான் காசு கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வக்காலத்துத் தாளில்
குழந்தையம்மாள் என்று நிறுத்தி எழுதினேன்.
ழ-வின் வால் கோட்டுக்குக் கீழே போய்விட்டது.
"எனக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம்" என்று
எத்தனை பேரிடம் வெடுக்கென்று சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லைப் பார்க்க வந்தார்.
கல்வரப்பில் சறுக்கி முட்டி வரை சேறு.
என் கையால் அளந்தால் நாலு முழம்,
அவர் கையால் நாலரை.
"கோர்ட்டில ரெண்டு கையும் செல்லாது" என்று
பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

அடுத்த வாய்தா பங்குனியில்.
அதற்குள் பூண்டை எடுத்துவிடலாம்,
கல்லுக்கு இந்தப் பக்கம் இருப்பதை.