தனி லாட்

அவிநாசி ரோட்டுக் கம்பெனியில்
எனக்குச் செக்கிங் வேலை.
ட்யூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
முன்புறம், பின்புறம், கழுத்துப்பட்டி,
உள்ளே திருப்பி அக்குள் தையல்,
நிமிஷத்துக்கு மூன்று.
ஓட்டை, எண்ணெய்க்கறை, ஊசிக்கோடு,
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
பதினோரு வருஷம்.
கண் அப்படியே பழகிவிட்டது கர்த்தாவே,
முகம் கழுவிக் கண்ணாடி முன் நின்றாலும்
விரல் நுனியில் ஓர் அம்பு ஒட்டியிருக்கும்.

முதல் அம்பு எப்போதும் தொண்டைக்கு.

கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டால்
“சொல்லுங்க சார்” என்பார்கள்.
அதனால் இருமிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன்.
பெண் பார்க்க வந்த தாராபுரத்துக்காரர்
காப்பியைக் கீழே வைத்துவிட்டு
“ஏனுங், புள்ளைக்குச் சளி புடிச்சிருக்குதுங்களா?”
அம்மா ஆமாம் என்றுவிட்டாள்.
அந்தச் சளி
எனக்கு இன்னும் குணமாகவில்லை.

கோயில் பாடகர் குழுவில்
பெண்கள் பக்கம், இரண்டாவது வரிசை.
மேல் சுரம் வந்தால் வாயை மட்டும் அசைப்பேன்.
ஆமென் சுலபம், உதடு தானே மூடிக்கொள்ளும்.
அல்லேலூயாதான் கஷ்டம்.
ஒன்பது கிறிஸ்துமஸ்
எப்சிபாவின் குரலுக்கு என் வாயை வாடகைக்கு விட்டேன்.
அந்த நாளில் நொய்யல் இப்படித்தான் ஓடும்,
பட்டறை விட்ட சாயம் எதுவோ அந்த நிறத்தில்,
இன்றைக்கு ஊதா, நாளைக்கு மஞ்சள்.
உம்மைத் துதிக்கிற நேரத்திலேயே
உம்மிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.
நீரும் ஒன்றும் கேட்கவில்லை.

தீபாவளி முடிந்த வாரம், ஒரு ராத்திரி.
காலை ஆறு மணிக்குக் கன்டெய்னர்.
கரும்பச்சை டி-சர்ட், எண்ணூறு பீஸ்,
ஷேட் கார்டோடு சேரவில்லை.
ஒரு சொட்டு இருட்டுக் கூடுதல்.
ஒட்ட ஆரம்பித்தேன்.
நூற்றுப்பதினேழாவதில் சாயப்பட்டறைப் பையன் பூபதி
மாடிப்படி அதிர ஓடி வந்தான்.
“அக்கா, நிறுத்துங், நிறுத்துங்!
இது டேமேஜ் இல்லீங், வேற லாட்டு.
வேணும்னேதான் இப்புடிச் சாயம் போட்டது.
இதோட கார்டு என்ற பாக்கெட்டுலயே கெடந்துபோச்சு.”
நீட்டினான். வேர்வையில் ஒரு மூலை ஊறிய அட்டை.
துணியைப் பக்கத்தில் வைத்தேன்.
அட்டை எது, துணி எது என்று தெரியவில்லை.

விடிய விடிய
நூற்றுப்பதினேழு அம்பையும் நகத்தால் உரித்தேன்.
பசை போகாத இடத்தில்
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
வேறொன்றும் தோன்றவில்லை அப்போது.
பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை.
ஆண்கள் பக்கம் பேஸ் பாட இரண்டே பேர்;
மற்றவர்களுக்கு ஷிப்ட்.
கிருபாகரன் சார் வாச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
நடுவழியைக் கடந்து
அந்த இரண்டு பேருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.
சண்டே ஸ்கூல் பிள்ளைகள் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும், பிள்ளைகள்தானே.

எங்கள் நத்தக்காடையூர்ப் பக்கம்
கீழ்பவானி வாய்க்காலில் புதுத் தண்ணி வரும்போது
காதுக்கு முதலில் ஒன்றும் கேட்காது,
உள்ளங்காலுக்குத்தான் தெரியும்.
அப்படி வந்தது.
பலகை மேடை லேசாக அதிர்ந்தது.
என்னுடையதா என்று
நானே ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டேன்.
எப்சிபா திரும்பிப் பார்த்தாள்.
மூன்றாவது பெஞ்சில் அம்மா
முக்காடு நழுவியதை இழுத்துவிடவில்லை.
கோபமா, வேறெதுவுமா,
வீட்டுக்குப் போயும் கேட்கவில்லை நான்.

கர்த்தாவே,
பசை இன்னும் அங்கங்கே பிசுபிசுக்கிறது.
முழங்கையில் ஒன்று, மூக்கில் ஒன்று,
முப்பத்துநாலு வயது என்கிற இடத்தில் ஒன்று.
அதெல்லாம் உரிக்க நாளாகும்.
ஆனாலும் ஒன்று கேட்கிறேன்.
என்னுடைய கார்டை
இத்தனை வருஷம் உம் பாக்கெட்டிலேயா வைத்திருந்தீர்?
கொஞ்சம் சீக்கிரம் ஓடி வந்திருக்கலாம்.

திங்கட்கிழமை கேஸ் தீர்ந்துவிட்டது.
“சொல்லுங்க சார்.”
“பெர்சிஸ் பேசறனுங். சிலிண்டர் ஒண்ணு வேணும்.”
முன்னால் இருமவில்லை.