ஒரு பல்லுக்கு

பித்தளைத் தகடு, மூன்று மில்லி.
முப்பது டிகிரி பிட். நுனி, மில்லியில் ஐந்தில் ஒன்று.
அதற்கு ஒரே பல்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை:
நிமிடத்துக்கு நகரும் தூரத்தைச்
சுற்றுகளால் வகுத்தால்
அந்தப் பல்
ஒரு சுற்றில் கடிக்கும் கவளம்.

ஃபீடு நானூற்று எண்பது, வேகம் இருபத்திநாலாயிரம்.
மில்லியில் ஐம்பதில் ஒரு பங்கு.
திரை அப்படித்தான் சொன்னது.
முதல் பிட் 'பல் மருத்துவர்' தொடங்கும் முன்பே போனது.

மினுக்குத் தாள் ஒட்டி டேக்கோமீட்டர் பிடித்தேன்.
பத்தொன்பதாயிரம்.
வாங்கிய நாள் முதல்
ஐயாயிரம் சுற்றுகளைத் திரை
தன் கணக்கில் எழுதிவந்திருக்கிறது.

பயந்துபோய் நூற்றிருபதுக்கு இறக்கினேன்.
அது இன்னும் மோசம்.
மெதுவாகப் போனால் வெட்டாது, தேய்க்கும்.
கீச்சென்று ஒரே சத்தம்,
மாவு மாதிரி மஞ்சள் தூள்,
எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறு.
பக்கத்து ஷெட்டில் லேத் ஓட்டும் திம்மராயன்
எட்டிப் பார்த்து, "யாரை அறுக்கிற?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை.
பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எல்லா ஷட்டரும் கீழே.
கையில் இரண்டு பிட்.
திங்கள் காலை பாகலூர் சாலையில் கிளினிக் திறப்பு.

முந்நூற்று எண்பது வைத்தேன்.
சத்தம் மாறியது.
கொதிக்காத பாலின் சத்தம் என்று சொன்னால்
யாருக்குப் புரியும், எனக்குப் புரிந்தது.
தூள் இல்லை, சுருள்:
எறும்புக்கு நகம் வெட்டினால்
விழும் அளவு.

டீ வந்தது. குடிக்கவில்லை.
பட்டங்கள் முடிந்தன, போன் நம்பர் முடிந்தது,
கடைசியாகப் பெயர்.
ஞானரூபி.

நேர்கோட்டில்தான் முந்நூற்று எண்பது.
'ஞா'வின் சுழியில் நான் சொன்ன வேகத்தை
இயந்திரம் எட்டவே எட்டாது,
திரும்பும் முன்பே தயங்கும்.
தயங்கிய இடத்தில்
டக்.

சுழிக்குள் ஒரு சாம்பல் புள்ளி.
ஊசியால் நெம்பினேன், வரவில்லை.
கடைசிப் பிட்டைப் போட்டு
அரை மில்லி தாண்டித் தொடங்கினேன்.
அந்தச் சுழிகளுக்கு மட்டும்
கவளத்தைப் பாதியாக்கினேன்.
மேலே கருப்பு எனாமல்.
யாருக்கும் தெரியாது.

இரவு எட்டரைக்கு டாக்டரே வந்தார்.
ஸ்கூட்டர், கையில் ஹெல்மெட்,
தகட்டைப் பார்க்கும் முன் ஸ்பிண்டிலைப் பார்த்தார்.
"எத்தனை சுத்து?"
"பத்தொன்பதாயிரம். திரையில இருபத்திநாலு."
"என்னோடது மூணு லட்சம்.
அழுத்தக் கூடாது, தண்ணி நிக்கக் கூடாது.
சத்தம் கனத்தா எடுத்துடணும்."

மூணு லட்சம்.
நான் ஃபீடு எவ்வளவு என்று கேட்டேன்.
விரலைக் காட்டினார்.

அப்போதுதான் சொல்ல வந்தது:
மேடம், உங்க 'ஞா'வுக்குள்ள
என் பிட்டோட நுனி இருக்கு.

தகட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்தார்.
எனாமலின் மேல் கட்டைவிரல்
ஒருமுறை போய் வந்தது.
"வேர்க்குழாய்க்குள்ள ஊசி ஒடியும்.
சில சமயம் எடுக்கப் போனா பல்லே போயிடும்.
அப்படியே விட்டு அடைச்சிடுவோம்."
பணத்தை எண்ணினார்.
"ஆனா நோயாளிகிட்ட சொல்லிடணும்."

சொல்லிட்டேனே, என்றேன்.
ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார்.