மணி வாடகை

பிரசன்னன் போனில் சொல்லச் சொல்ல
ஒரு கணினியை வாங்காமலே வாங்கினேன்.
எந்த ஊரில் வேண்டும் என்று கேட்டது.
பட்டியலில் கூத்தாநல்லூர் இல்லை.
மும்பை இருந்தது, பஹ்ரைன் இருந்தது.
பஹ்ரைன் என்றேன்:
படம் கேட்கிற கம்பெனிக்குப் பக்கம்,
மச்சானுக்கும் பக்கம்.

நினைவகம் எவ்வளவு? முப்பத்திரண்டு.
என் மடிக்கணினிக்கு நாலு.
மனாமாவில் எழும்பும் ஆஸ்பத்திரிக்கு
இதில் ஒரு மாடிப்படி வரைவதற்குள்
விசிறி ஓலமிடும், திரை வெளுக்கும்,
தொடையில் தோசைக்கல் சூடு.
இனி இது வெறும் ஜன்னல் என்றான்.
உழைப்பு அங்கே. இங்கே பார்வை மட்டும்.

சாவிக் கோப்பு ஒன்று இறங்கியது.
"தொலைச்சிடாதீங்கக்கா, ரெண்டாந்தரம் தர மாட்டான்."
பென் டிரைவில் ஏற்றி
நிக்காஹ் பத்திரம் இருக்கிற தகரப் பெட்டியில் வைத்தேன்.

இணை என்று அமுக்கினேன்.
இணைய முடியவில்லை.
மறுபடி.
இணைய முடியவில்லை.

வாசலில் காவல் இருக்கிறதாம்.
அது ஆளைப் பார்க்காது, எண்ணைப் பார்க்கும்.
என் எண்ணோ டவருக்கு டவர் மாறும்.
அடுப்படியில் ஒன்று,
மொட்டைமாடியில் வெண்ணாற்றைப் பார்த்து நின்றால் வேறொன்று.
"எந்த இடத்துல உக்காந்து வேலை செய்வீங்க?"
இந்த வீட்டில் என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி.
கொஞ்சம் யோசித்து,
மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகை என்றேன்.
அங்கே போய் உட்கார்ந்தேன்.
அந்த எண்ணை எழுதிக் கதவில் ஒட்டினான்.

வரவேற்கிறோம், சஹர்பானு.

நீலமாய், காலியாய்,
எவர் கையும் படாத மேசை.
மூலையில் மணி.
எனக்கு இரவு ஏழரை, அதற்கு ஐந்து.
நான் செலவழித்துவிட்ட இரண்டரை மணி நேரம்
அங்கே முழுசாக இருந்தது.
சுட்டியை நகர்த்தினேன்.
கண் சிமிட்டும் நேரம் பொறுத்து நகர்ந்தது,
யாரோ சொல்லக் கேட்டது போல.

பதினோராம் படியில் கரண்ட் போனது.
பேட்டரி செத்து ஒரு வருஷம்.
ஜன்னல் இருண்டது, அவ்வளவுதான்.

தை கடைசியில் வேண்டாத மழை.
பின்வயலில், இளமுருகுவின் சம்பாவில்,
ஆத்தூர்க்காரர்களின் அறுவடை மெஷின்
பெல்ட் முழுக்கச் சேற்றில் இறங்கி உறுமியது.
இன்ஜினை அணைத்தால் ஏறாது என்றான் டிரைவர்.
மணிக்கு இரண்டாயிரத்து அறுநூறு.
இளமுருகு வரப்பில் நின்று
டார்ச் அடித்து அடித்து
கைக்கடிகாரம் பார்த்தார்.
மாடியில் இருந்து சிரித்தேன்.
சொல்லக் கூடாது, சிரித்தேன்.

காலையில் பிரசன்னன்:
"அக்கா, ராத்திரி பூரா உங்க மெஷின் ஓடிருக்கு."
நான்தான் தூங்கிவிட்டேனே.
"ஜன்னல்தான் மூடுச்சு.
மெஷினை நீங்க நிறுத்தவே இல்ல."

மூடுவது வேறு, நிறுத்துவது வேறு.
மணிக்கு எழுபது ரூபாய்க்குத் தெரிந்துகொண்டேன்.
கடல் தாண்டி, எனக்குத் தெரியாத குளிர் அறையில்,
அத்தனை நினைவையும் வைத்துக்கொண்டு
பதினோராம் படியிலேயே நின்றிருக்கிறது,
பன்னிரண்டாவதை நான் சொல்வேன் என்று.

மச்சானிடம் பில்லைச் சொன்னேன்.
"ஒம்பது வருஷமா
நானும் அப்படித்தானே நிக்கிறேன்."
சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.
சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம்
நிறுத்து என்று அமுக்கிவிட்டு
நின்றது என்று வரும்வரை படுப்பதில்லை.
நிற்கவும் அதற்கு ஒரு நிமிஷம் வேண்டியிருக்கிறது.

விஷயம் எப்படியோ இளமுருகு காதுக்குப் போய்விட்டது.
மெஷின் புதைந்த பள்ளத்தில் மண் தள்ளிக்கொண்டே
மாடியைப் பார்த்துக் கேட்டார்:
"ஒம் மெஷின இழுக்க
எந்த ஊரு டிராக்டரு வந்துச்சு?"