வாசல் சிப்பாய், வசனம் இல்லை

அந்தப் படத்தில் நான் கதவு.
கதவோரம் நிற்கும் சிப்பாய் என்றுதான் பட்டியலில் இருந்தது.
உதவி இயக்குநருக்கு அவ்வளவு நீளம் ஆகாது,
'கதவு, கொஞ்சம் இடதுபக்கம்' என்பார்.
தொப்பியை இறக்கி முகத்தை இருட்டில் வைக்க வேண்டும்.
நான் பர்மிங்ஹாம்காரனாம்.

லண்டனிலிருந்து வந்தவர்கள் பதினோரு பேர்.
பணம் அதைவிடக் குறைவாக வந்தது என்றான் சவுரியப்பன்.
காக்ஸ் டவுனில் மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தின்
பிரேயர் ஹால்தான் ராணுவ நீதிமன்றம்.
மேசை மூன்று, கம்பளி விரிப்பு ஒன்று,
சோடா மூடியைத் தட்டிச் செய்த மெடல்கள்.
கிட்டே போனால் கம்பெனி பெயர் தெரியும்.
கேமரா கிட்டே போகவில்லை.

ஊர் பிரான்ஸ். வருஷம் பதினேழு, போன நூற்றாண்டு.
மைதானத்துச் செம்மண் காட்டிக்கொடுத்துவிடும் என்று
நாற்பது மூட்டை சாம்பல் கொட்டினார்கள்.
ராத்திரி மழை.
காலையில் பிரான்ஸ் சிவந்து கிடந்தது.

குற்றவாளி பிரைவேட் விட்டிகர், வயது பத்தொன்பது.
பதுங்குகுழியை விட்டு நடந்து போய்
வைக்கோல் போரில் இரண்டு நாள் தூங்கியவன்.
நடித்தவன் லீட்ஸ் பையன்.
மத்தியானம் எங்கள் வரிசையில் தட்டோடு நின்று
பிசிபேளா பாத்துக்கு இன்னொரு கரண்டி கேட்பான்.

'ஏன் போனாய்?'
'சத்தம் நிற்கவே இல்லை, சார்.'
அவன் அதைச் சொல்லும்போதெல்லாம்
வெளியே ஓர் ஆட்டோ ஹார்ன் அடிக்கும். கட்.
குக்கர் விசில். கட்.
கல்யாண மண்டபத்தில் மைக் டெஸ்ட், ஒன் டூ த்ரீ.
ஊர் முழுக்க அடங்கும்வரை காத்திருந்து
பதினாலாவது தடவை சொன்னான்
சத்தம் நிற்கவே இல்லை என்று.
அப்போது ஹாலில் ஈ பறப்பது கேட்டது.
எனக்கு மட்டும் ஏனோ கால் ஆடியது.

கடைசி நாள், சுடும் காட்சி.
ஆறு சிப்பாய் வேண்டும், ஆறு பேருக்குக் காசில்லை.
நீதிபதி மூவரும் உடுப்பு மாற்றி வந்தார்கள்,
அவனுக்காக வாதாடிய கேப்டனும் வந்தார்.
முதுகைத்தானே எடுக்கிறோம், யார் பார்க்கப் போகிறார்கள்?
சவுரியப்பன் ஐந்தாவது. நான் ஆறு.

நிஜத்தில், ஆறு துப்பாக்கியில் ஒன்றில் குண்டு இருக்காதாம்.
அது என்னுடையதுதான் என்று
அன்றைக்கு ஆறு பேரும் தூங்கலாம்.
இங்கே ஐந்து மரக்கட்டை.
வெடிப்பது ஒன்றே ஒன்று.
அதை என் கையில் கொடுத்தார்கள்.
'பதினோரு நாள் அசையாமல் நின்றவன் நீ.'

வெள்ளைக் கைக்குட்டை விழுந்தது.
பையன் கண்கட்டுக்குக் கீழே
மூக்கை உறிஞ்சினான். காலையிலிருந்தே ஜலதோஷம் அவனுக்கு.
அவன் விழுந்தும் விட்டான்,
நான் அதற்கப்புறம்தான் அழுத்தினேன்.
இயக்குநர் கத்தினார். தோட்டா ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள்.
பரவாயில்லை, சத்தத்தை லண்டனில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.
ஏஜென்ட் ரங்கப்பா அன்றைய பேட்டாவில் நூறு ரூபாய் பிடித்தார்.

படம் இங்கே தியேட்டருக்கு வரவில்லை.
இரண்டு வருஷம் கழித்து, சிவாஜிநகர் போகும் பஸ்ஸில்
போனில் பார்த்தேன்.
ஆறு வெடியும் ஒரே வெடியாய், சுத்தமாய்.
பையன் சாய்கிறான். வலது ஓரத்தில்
யாரோ ஒரு பர்மிங்ஹாம்காரனின் தோள்
எல்லாம் முடிந்தபிறகு
ஒருமுறை குலுங்குகிறது.

பின்னால் தள்ளி ஓட்டினேன்.
மறுபடியும் குலுங்கியது.
கன்டோன்மென்ட் ஸ்டேஷன் யாரப்பா இறங்குறது என்று
கண்டக்டர் இரண்டு தரம் கேட்டிருக்கிறார்.