பத்து மீட்டர்

நீதிமன்றம் அனுப்பும் ஒலிப்பதிவுகளைக்
கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் பிழைப்பு.
வேலித் தகராறு, ஆட்டுத் திருட்டு,
நண்டுப் படகில் கூலி பாக்கி.
சாட்சி இருமினால் 'இருமல்' என்று போட வேண்டும்.
அழுதாலும் யோசித்தாலும் ஒன்றுதான்: 'இடைவெளி'.

புந்தா அரேனாஸில் காற்று
எந்நேரமும் யாருக்காகவோ வாதாடும்.
தகரக் கூரை குறுக்கே குறுக்கே பேசும்.
வசந்தத்தில் தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அதனால்தான் காதை முழுக்க மூடும் இந்த ஹெட்ஃபோன்.
கறுப்பு. இடது மெத்தையில் தோல் உரிந்திருக்கிறது.
ஆறு தவணை கட்டி வாங்கியது.

செப்டம்பரிலிருந்து ஒரு கோளாறு.
காலை ஆறு பத்து, ஆறு பதினைந்து வாக்கில்
சாட்சி பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார்.
நீருக்குள் குமிழி உடைவதுபோல் ஒரு சத்தம்.
அப்புறம் அந்தப் பெண்குரல்,
பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி, அக்கறையே இல்லாமல்:
"இரண்டாவது கருவி இணைந்தது."

வயரே இல்லாத பொருளில்
எந்த வயரைப் பிடுங்கிச் சொருகுவது?
ப்ளூடூத்தை அணைத்து, போட்டு, அணைத்து,
திட்டி,
சும்மா நிற்பானேன் என்று
அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வருவேன்.
தண்ணீர் சலசலக்கும்போது கதவில் சாவி திரும்பும்.
பால்தோ.
இழுவைப்படகில் இரவெல்லாம் நின்ற கால்கள்,
சட்டையில் டீசல்.
அவன் உட்காரும்போது மாத்தே தயாராக இருக்கும்.
எப்படி என்று அவன் கேட்டதில்லை.
நானும் கேட்டுக்கொண்டதில்லை.

நவம்பரில் மேற்பார்வையாளர் எழுதினார்:
யாஸ்னா, 17ஆம் பக்கத்தில் மூன்று வாக்கியம் காணவில்லை.

சோனா ஃப்ராங்கா கடையில் மீர்கோ
ஹெட்ஃபோனைக் கையில்கூட வாங்கவில்லை.
"வேறு யாராவது ஒரு தடவையாவது இணைத்தார்களா?"
ஒரு ஞாயிறு, நான் தூங்கும்போது,
பால்தோ பந்தாட்டம் கேட்டான்.
"அவர் போனை இது மறக்கவே இல்லை.
பத்து மீட்டருக்குள் வந்தால் போதும், தாவிவிடும்.
எல்லாவற்றையும் மறக்கச் செய்யுங்கள்."

செய்தேன்.
போனில் 'இந்தக் கருவியை மற'.
கணினியிலும் அதே.
பவர் பொத்தானும் ஒலி குறைக்கும் பொத்தானும் சேர்த்துப்
பத்து விநாடி அழுத்தினேன், ஏழில் கை வழுக்கி மறுபடியும்.
சிவப்பு மூன்று முறை. பிறகு நீலம், பதற்றமாக.
"இணைக்கத் தயார்" என்றது,
என்னை அன்றுதான் பார்ப்பதுபோல்.
கணினியை மட்டும் சேர்த்தேன்.

மறுநாள் சாட்சி கடைசிவரை பேசினார்.
நாற்பத்து மூன்று ஆட்டுக்குட்டிகள், ஒன்றுகூடச் சிந்தவில்லை.
நாற்பத்து நான்காவதாக
என் தோளில் ஒரு கை விழுந்தது.
அலறிவிட்டேன்.
வாக்குமூலத்தில் கககககக என்று ஒரு வரி.
பால்தோ ஈர ஜாக்கெட்டோடு நின்றான்,
அடுப்பைப் பார்த்தான்.
"தண்ணீர் வைக்கவில்லையா இன்றைக்கு?"

அப்போதுதான் உறைத்தது.
சாவிக்கு நாற்பது விநாடி முன்பே,
அவன் தெருக்கயிற்றை விட்டுவிட்டு
கீழ்ப்படியில் பூட்ஸைத் தட்டும்போதே,
அவன் பையிலிருந்து ஒன்று ஏறி வந்து
தினமும் என் காதைத் தட்டியிருக்கிறது.
நான் அதைக் கோளாறு என்று
கடையில் புகார் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு அவன் குறட்டைக்கு நடுவே
தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்தேன்.
பட்டியலில் என் ஹெட்ஃபோன் பெயர்,
எந்த உறவும் இல்லாமல், சாம்பல் நிறத்தில்.
ஒரு கண்ணைத் திறந்தான்.
"பந்தாட்டமா?"
"இல்லை. தூங்கு."

திங்கள், ஆறு பன்னிரண்டு.
சாட்சி: "அன்றிரவு நான் வேலியோரம்—"
குமிழி உடைந்தது.

'இடைவெளி' என்று போட்டுவிட்டு,
பிறகு திரும்ப ஓட்டிக் கேட்டுக்கொள்ளலாம் என்று,
தண்ணீர் வைக்க எழுந்தேன்.