விளக்கில்லாத சைக்கிள்

எங்கள் வீட்டில் அவருக்கு ஐந்து சொல்தான் இருந்தது:
ஒருத்தன் இருந்தான். மலேயா போனான். வரல.
அதற்குமேல் கேட்டால்
பேச்சு சிமெண்டு விலைக்குத் திரும்பிவிடும்.

பல்லாரட்டில் ஜூலை மாதம்.
தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டும் சனிக்கிழமை இரவுகளுக்காக
சாப்பாட்டு மேசையில் கால்வாசியை
என் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டேன்.
மீதியில் மகனின் கணக்குப் பாடம்,
ஊறுகாய் பாட்டில், ஹீட்டர் ஓடிய பில்.

அரியமுத்து. தாத்தாவின் தம்பி.
இந்தப் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தாக்கள்
எத்தனை விதமாய்க் கடித்துத் துப்பியிருக்கிறார்கள்!
ஆரியமூட்டு. ஹரிமட்டு. ஏரி முட்டோ.
ஒரு கப்பல் பட்டியலில் வெறும் 'மூட்டை'.
ஆளா சரக்கா என்று
ஒரு வாரம் குழம்பிக் கிடந்தேன்.

புகழேந்தி கேட்டார்:
"இதுல உனக்கு என்னதான் கிடைக்குது?"
கோபமில்லை. தேநீர்க் கோப்பையை
இந்தக் காகிதத்தின்மேல் வைக்கலாமா என்று கேட்கிற குரல்.
என்னிடம் பதில் இல்லை.
மூன்று குளிர்காலம் இல்லை.

பிறகு ஒரு நள்ளிரவு தாண்டி, ஒன்றே முக்காலுக்கு,
தைப்பிங் காவல் நீதிமன்றப் பதிவேட்டில்
நாற்பத்தேழாம் பக்கம், மேலிருந்து ஒன்பதாம் வரி:
அரியமுத்து, தமிழன், ரயில்வே கூலி.
குற்றம்: விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியது.
1938 மார்ச் பதினொன்று, இரவு பதினொன்றரை மணி.
அபராதம் ஒரு டாலர்.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
அவரிடம் ஒரு சைக்கிள் இருந்திருக்கிறது!
புகைப்படம்கூட இல்லாத,
எப்போது செத்தார் என்றே தெரியாத ஒருவருக்கு
திடீரென்று ஒரு இரவு, ஒரு சாலை,
மிதிக்கிற இரண்டு கால்கள்.
எதிரே கைகாட்டி நிறுத்தும் போலீஸ்காரன்.
எங்கேயோ அவசரம்.

எங்கே?

கோவிலில், மளிகைக் கடையில், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில்
தைப்பிங்காரர் யாரையாவது தெரியுமா என்று கேட்டுக் கேட்டு
கடைசியில் பெண்டிகோவிலிருந்து ஒரு போன்.
கோகிலவாணி முனியாண்டி, ஓய்வுபெற்ற நர்ஸ்.
"அரியமுத்து எங்க அப்பாவோட அப்பா லா.
உனக்கு எதுக்கு அவரு?"

கிரெஸ்விக் தாண்டியதும் பனிமூட்டம்.
கங்காரு எச்சரிக்கைப் பலகைகள்.
காரின் முன்விளக்கை இரண்டு தடவை
இறங்கிப் பார்த்துக்கொண்டேன்.

அக்காவின் மேசையிலும்
கால்வாசிதான் காகிதம்.

அவர் அப்பாவின் பிறப்புச் சீட்டைப் பிரித்தோம்:
1938 மார்ச் பன்னிரண்டு, விடியற்காலை.
என் கை ரோமம் நட்டுக்கொண்டது.
"மருத்துவச்சியைக் கூப்பிடப் போயிருக்கார் அக்கா!"
பிஸ்கட்டை மைலோவில் முக்கியபடி அவர் சொன்னார்:
"கள்ளுக்கடையிலேர்ந்து வந்திருப்பாரு.
அவரு குடி பத்தி நீ கேள்விப்படல."

இரண்டையும் எழுதினேன்.
நடுவில் ஒரு வரி காலியாக விட்டேன்,
ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்கு.

ஐந்து சொல் இப்போது முப்பத்தொரு பக்கம்.
புகழேந்தி படித்தார்.
கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் படித்தார்.
"ஒரு டாலர்னா அப்ப எவ்வளவு?" என்றார்.
அக்கா சொன்னதைச் சொன்னேன்:
ஒரு வெள்ளி. ரெண்டு நாள் கூலி.

ஒன்பதாம் வரியின் ஓரத்தில்
'கட்டியாயிற்று' என்று ஊதா முத்திரை இருக்கிறது.
பக்கத்தில் தமிழில் ஒரு கையெழுத்து,
ஈரம் பட்டுக் கரைந்து, முதல் எழுத்து மட்டும் 'த'.
அவர் எழுதியதாயிருக்காது.
அவர் கைநாட்டு ஆள்.

ரெண்டு நாள் கூலியை
அவருக்காக எண்ணி வைத்த கை யாருடையது?

மேசையில்
இன்னொரு கால்வாசி கேட்டுப் பார்க்க வேண்டும்.