இருநூற்று ஐம்பத்தாறு கட்டங்கள்

பதினான்காவது கொண்டை ஊசியில்
மூச்சுவிட மறந்து நின்றது வண்டி.
தொண்ணூற்று இரண்டாம் வருஷத்து ஜப்பான் வண்டி,
இரண்டே இருக்கை.
ஏறும்போது குனிய வேண்டும்,
இறங்கும்போது யாராவது இழுக்க வேண்டும்.
பின்னால் வந்த பஸ் டிரைவர் இறங்கிவந்து பார்த்து
"இதுக்குத்தானா மேடம் இவ்ளோ சத்தம்" என்றார்.

கொண்டலாம்பட்டி ஷெட்டில் தஸ்தகீர்
இருக்கைக்கு அடியிலிருந்து கழற்றினார்
ஒரு தகரப் பெட்டியை.
மூடி திறந்ததும் கருவாட்டு வாடை.
கெபாசிட்டர்கள் கசிந்து
செப்புக் கோடுகளை அரித்திருந்தன.
"மூளை அழுகிடுச்சு டாக்டர்."
நான் மயக்க மருந்து டாக்டர்.
அந்தச் சேதியை யாரும் இவ்வளவு சுலபமாகச் சொல்லிக் கேட்டதில்லை.

வேறு மூளை வாங்கலாம்.
ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது ஒன்று.
பழைய சாக்கெட்டிலேயே சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும்.
அந்த விலைக்குச் செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுப் பட்டறை போடலாம், கஸ்டம்ஸ் தனி.
இன்னொன்று,
பழையதைத் தட்டிக்கொட்டி எழுப்பி
அதன் முதுகில் ஏறிக்கொண்டு பொய் சொல்லும் பெட்டி:
வந்த காற்றைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும்,
பழைய மூளை நம்பிவிடும்.
கோயம்புத்தூர்ப் பையன்கள் அதைத்தான் போடுகிறார்களாம்.
மூன்றாவது பெட்டியே இல்லை.
வெற்று போர்டு, பொட்டலத்தில் உதிரிகள்,
உள்ளே பதினாறுக்குப் பதினாறு கட்டம்.
இந்த வேகத்தில் இந்தச் சுமையில்
எவ்வளவு பெட்ரோல் என்று
கட்டத்துக்குக் கட்டம் நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

மூன்று நைட் டியூட்டி யோசித்தேன்.
மானிட்டரில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது.
எடையும் வயதும் பார்த்துப் புத்தகம் சொல்கிற அளவு ஒன்று,
மேஜையில் கிடப்பவர் கேட்கிற அளவு வேறு.
பொய்ப் பெட்டி வேண்டாம்.
அதை மட்டும் உடனே முடிவு செய்தேன்.

நாலு ரோட்டில் செல்போன் சர்வீஸ் வைத்திருக்கும் ஹேமாவதி
வெற்று போர்டைப் பற்றவைத்தாள்.
நூற்றுப் பன்னிரண்டு புள்ளி,
ஒன்றுகூடச் சாம்பல் பூக்கவில்லை.
கூலி?
"ஓடட்டும், அப்புறம் பாக்கலாம்."

அதன் பிறகுதான் தஸ்தகீர் சொன்னார்:
"ஒருத்தர் ஓட்டணும். ஒருத்தர்
லேப்டாப்பை மடியில வெச்சிக்கிட்டு நம்பரைத் திருத்தணும்.
எனக்கு மலை ஆகாது, தலை சுத்தும்."

பக்கத்து இருக்கையில் நான்கு வருஷமாக
என் ஹேண்ட்பேக்தான் வந்துகொண்டிருந்தது.
ஆஸ்திரேலியப் பெட்டியின் விலை
திடீரென்று நியாயமாகத் தெரிந்தது.

ஞாயிறு காலை ஐந்தரை.
அடிவாரத்தில் ஹேமாவதி நின்றிருந்தாள்,
பையில் இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு கேரி பேக்.
முதல் வளைவில் "பெட்ரோல் ஜாஸ்தி."
ஐந்தாவதில் "இப்ப சரி."
ஒன்பதாவதில் நிறுத்தச் சொல்லி
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்தாள்.
கீழே வெள்ளைக்கல் சுரங்கம் விடிந்துகொண்டிருந்தது.
வாயைத் துடைத்துக்கொண்டு வந்து
"மூவாயிரத்துல ஒரு குழி விட்டுட்டோம்,
திரும்ப இறங்குங்க" என்றாள்.

இறங்கினோம். ஏறினோம்.
பதினான்காவதில் நான் பேசவில்லை,
வண்டியும் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.
மேலே போகப்போகக் காற்று மெலிந்தது,
திரையில் எண்கள் சிறுத்தன.
குரங்குக் குடும்பம் ஒன்று கடக்கட்டும் என்று நின்றோம்.
ஐட்லிங் நடுங்கவில்லை.

ஏற்காடு ஏரியோரம், மிளகாய் பஜ்ஜி.
அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.
தொட்ட கட்டங்கள் நூற்றுச் சொச்சம்.
மேல் மூலை முழுக்க, ஏழாயிரம் சுற்று, முழு மிதி,
யாரோ முன்பே போட்டுவைத்த உத்தேச எண்கள்.
"இதுக்கெல்லாம் ரோடு வேணும். இங்க இல்ல."
"அப்ப?"
"அப்படியே கிடக்கட்டும்."

கூலியை மறுபடி கேட்டேன்.
பஜ்ஜியை ஊதிக்கொண்டே சாவிக்குக் கை நீட்டினாள்.

மடியில் லேப்டாப் சுட்டது.
மேஜையில் கிடப்பவர்களை எண்ணச் சொல்வேனே,
அதேபோல் பின்னோக்கி
வளைவுகளை எண்ணத் தொடங்கினேன்.
இருபது.
பத்தொன்பது.
பதினெட்டில் எலுமிச்சம்பழம் கேட்டேன்.